அம்மா ஏறுவதற்கு ஒரு படகு

"அசையாம உக்காரு தாயி. நீ அசைஞ்சா பலகை எழுந்துக்கும்."

சொன்னது தச்சர் நஞ்சுண்டாச்சாரி. நான் உட்கார்ந்திருந்தது எங்கள் மாட்டுக் கொட்டகையில், குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் முதுகில். எனக்கு இந்தப் பக்கம் அம்மிக்கல், அந்தப் பக்கம் ஒரு மூட்டை கேழ்வரகு, நடுவில் இந்த வீட்டு மருமகளாகிய நான். மூன்று பேருக்கும் ஒரே வேலைதான். வளைய மாட்டேன் என்று அடம் பிடித்த பிளைவுட் பலகையை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எனக்குக் கீழே வெந்நீரில் நனைத்த சாக்கு. அதன் சூடு புடவை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. வெந்த மரம், குங்கிலியம், மாட்டு மூத்திரம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. எங்க வீட்டுக்காரர் மண்டி போட்டு உட்கார்ந்து பித்தளை ஸ்க்ரூவை முடுக்கிக் கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி நகரு" என்றார். முன்னாடி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தேன் என்று சென்ற வாரம் இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்ட கதையை எழுதுவதாகத்தான் இருந்தேன். பேனாவை எடுத்தால் அந்தப் படகு வந்து குறுக்கே நிற்கிறது. சரி, வந்தது வந்துவிட்டது, அதையே எழுதிவிடுகிறேன்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்

அம்மா வீடு தென்பெண்ணைக்கு அந்தக் கரை. நான் புகுந்த வீடு இந்தக் கரை. பெண் கேட்டு சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிய அம்மா, இவரைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். இவர் அழகுக்காக ஆட்டினாள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவின் களத்துமேட்டில் நின்றால் எங்கள் வீட்டு ஓடு தெரியும். அவ்வளவுதான் காரணம்.

"கூப்பிட்டா கேக்கற தூரம். வருசத்துல முக்காவாசி நாளு மணல்லயே நடந்து வந்துடுவேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்பா இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. என்னை விட்டால் அவளுக்கு இரண்டு கறவை மாடுகள்தான்.

சொன்ன மாதிரியே வந்தாள். காலையில் கறந்து ஊற்றிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவாள். நான் செய்த குழம்பைக் குறை சொல்வாள். என் தலையைப் பிரித்துப் போட்டுச் சிக்கெடுப்பாள். சாயங்காலம் கறக்கிற நேரத்துக்கு அங்கே போய்விடுவாள். வேறு கை பட்டால் அந்த மாடுகள் உதைக்கும்.

அப்புறம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டினார்கள். நாடே சந்தோஷப்பட்டது, நாங்களும் பட்டோம். ஆனால் தண்ணீர் பின்னால் ஏறி ஏறி எங்கள் ஊர் வரைக்கும் வந்து, மணலை மூடிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. ஆறு வற்றும், நடக்கலாம் என்று காத்திருந்தோம். அது வற்றுகிற தண்ணீர் இல்லை என்று புரியவே எங்களுக்கு ஒரு கோடை ஆயிற்று.

பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். போனால் ராத்தங்க வேண்டும். நானாவது எப்போதாவது போவேன். அம்மாவால் மாட்டை விட்டுவிட்டு வர முடியாது. என் வீட்டு வாசலை மிதிப்பது அவளுக்கு நின்றே போயிற்று.

பரிசல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வினையே அதில்தான்.

மாரப்பன்

அந்த வட்டக் கூடைப் பரிசலை ஓட்டியவன் மாரப்பன். எனக்கு விவரம் தெரியாத வயதில், ஆறு பெருக்கெடுத்த ஒரு நாள், அப்பா அவன் பரிசலில் ஏறினார். நடு ஆற்றில் பரிசல் சுழன்றது. இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ சுழன்று கவிழ்ந்தது. மாரப்பன் பரிசலைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினான். அப்பா ஏறவில்லை. கரையில் நின்று அத்தனையையும் பார்த்தவள் அம்மா.

அன்றிலிருந்து மாரப்பனோடு பேச்சில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனும் பாவம், அம்மா வருவது தெரிந்தால் வரப்பில் இறங்கி வழி விடுவான். எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பரிசலில் கால் வைக்கக் கூடாது. "நீ அதுல ஏறின அன்னைக்கு என் மூஞ்சியில முழிக்காதடி" என்று எனக்குத் தாலி கட்டின அன்றைக்குக்கூடச் சொன்னாள்.

ஆகவே அணை வந்த பிறகு தினமும் என் கண் முன்னாலேயே மாரப்பன் பரிசல் அந்தக் கரைக்குப் போகும், வரும். ஆடு போகும், பூசணிக்காய் போகும், பள்ளிக்கூடத்து வாத்தியார் சைக்கிளோடு போவார். நான் மட்டும் கரையில் நின்று பார்த்துக் கொண்டிருப்பேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த எங்க வீட்டுக்காரரிடம் அழுதுவிட்டேன். அவர் கையிலிருந்த களியை உருட்டியபடியே கேட்டார்: "உங்கம்மா பரிசல்லதான ஏற மாட்டாங்க? படகுன்னா ஏறுவாங்க இல்ல?"

எனக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றே தெரியாது. அடுத்த முறை பஸ்ஸில் போனபோது அம்மாவைக் கேட்டேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக் கொண்டிருந்தாள்.

"அதுக்கு மூக்கு இருக்குமா?"

"இருக்கும்மா."

"முன்ன எது, பின்ன எதுன்னு தெரியணும். சுத்தக் கூடாது. சுத்தாதுன்னா ஏறறேன்னு மாப்ளைகிட்ட சொல்லு."

பஸ் மேல் வந்த பலகை

எங்க வீட்டுக்காரர் அப்போது பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். வேலை முடிந்த சாயங்காலங்களில் அல்சூர் ஏரியில் படகு விடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறார். படகு கட்டுவதற்கு அவருக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த பெட்டிகளைப் பிரித்த பிளைவுட்டை ஏலம் விட்டார்கள். அதை வாங்கி, பஸ் கூரையில் கட்டி ஒவ்வொரு வாரமும் இரண்டு இரண்டாகக் கொண்டு வந்தார். மைசூர் ராஜ்ஜிய எல்லை தாண்டி ஓசூர்ப் பக்கம் நுழையும்போது நம்ம போலீஸ் நிறுத்தும். அந்தப் பக்கம் சரக்கு கிடைக்கும், இந்தப் பக்கம் மதுவிலக்கு. பலகைக்கு நடுவில் பாட்டில் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பார்களாம். "எதுக்குய்யா இது?" என்றால் இவர் "படகு கட்ட" என்பார். ஓசூரில் படகா என்று அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடும். ஒரு தரம் வாயை ஊதச் சொன்னார்களாம். அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெட்டிப் பலகை தண்ணீரில் நிற்குமா? அல்சூரில் படகு விடுகிற ஒருவர், ஒரு துண்டை வேகவைத்துப் பார், பிரியாவிட்டால் தண்ணீருக்குத் தாங்கும் என்று சொல்லியிருக்கிறார். வேகவைக்கிற வேலை வேறு யாருக்கு வரும்? நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையை அறுத்துப் போட்டுக் கொதிக்கவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி, சம்பளம் வரலயா?" என்றாள்.

சில துண்டுகள் வெங்காயம் மாதிரி தோல் தோலாகப் பிரிந்துவிட்டன. சில கல்லாட்டம் அப்படியே இருந்தன. எதிலிருந்து அறுத்தது எது என்று அடையாளம் வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் அறுத்து, இந்த முறை கரியில் கோடு போட்டு, மறுபடியும் அவித்தேன். கண்ணெல்லாம் புகை. என்ன பிழைப்புடா இது என்று அழுகை வந்தது. அம்மா முகத்தை நினைத்துக்கொண்டு விறகைத் தள்ளினேன்.

சோத்துக்கைப் பக்கம்

நஞ்சுண்டாச்சாரி கதவு, ஜன்னல், மாட்டு வண்டி செய்கிறவர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. படகை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எங்க வீட்டுக்காரர் கொட்டகைத் தரையில் சுண்ணாம்பால் வரைந்து காட்டியதைப் பார்த்துவிட்டு, "சரி விடு, மாட்டு வண்டியக் குப்புறப் போட்ட மாதிரி" என்று வேலையில் இறங்கிவிட்டார். வேப்பமரத்தில் விலா விலாவாகச் சட்டங்கள் செய்து நிறுத்தினார். அதுவரைக்கும் அழகாகத்தான் இருந்தது.

பலகை ஒட்டுகிற நாளில்தான் வம்பு வந்தது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு ஆச்சாரி கேட்டார்: "சோத்துக்கைப் பக்கம் எது?"

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவும் வலப்பக்கத்தில்தான் தொடங்கும். அது மட்டுமில்லை. தொட்ட பக்கத்தை முடிக்காமல் அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகக் கூடாது என்பது ஆச்சாரியின் நியமம். நிலை வைத்தாலும் சக்கரம் பூட்டினாலும் அவர் அப்படித்தான். அதில் நாங்கள் யாரும் தப்பு பார்க்கவில்லை. நானே அப்படித்தானே கோலம் போடுவேன்.

மூக்கைப் பார்த்து நின்று, சோத்துக்கைப் பக்கத்தைக் காட்டினார் எங்க வீட்டுக்காரர். சாக்கில் வெந்நீர் ஊற்றி, குங்கிலியம் பூசி, அம்மிக்கல்லையும் என்னையும் ஏற்றி, அந்தப் பக்கம் முழுவதையும் மூக்கிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் முடித்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று. கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, "ஆயித்து" என்று கைகூப்பினார் ஆச்சாரி.

நான் படகிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதையோ யோசித்துக் கேட்டுத் தொலைத்தேன்.

"ஏங்க, இது இப்போ குப்புறக் கெடக்குது. நிமித்திப் போட்டா இந்தப் பக்கம் பீச்சைக்கை ஆயிடுமே?"

ஆச்சாரி படகைச் சுற்றி வந்தார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "மனுசன் குப்புறப் படுத்தாலும் சோத்துக்கை சோத்துக்கைதான தாயி?" என்றார். எங்க வீட்டுக்காரர் நிஜமாகவே சாணித் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கையைத் தூக்கினார். அப்புறம் மல்லாக்கத் திரும்பி, அதே கையைத் தூக்கினார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தோம். எனக்குத் தலை சுற்றியது. இதை எழுதும்போதும் ஒரு தரம் படுத்துப் பார்க்கலாமா என்றிருக்கிறது.

"சாமிக்குத் தெரியும், நாம எதை நெனச்சோம்னு" என்று ஆச்சாரி தீர்ப்புச் சொன்னார். மறுபக்கத்தையும் ஒட்டினார்கள்.

ஆனால் சாமியால் சரிசெய்ய முடியாத தப்பு ஒன்று அதற்குள் நடந்துவிட்டிருந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம். அல்சூர்க்காரர் பிற்பாடு சொன்னார். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க இழுத்து முடுக்கினால், வளைந்த பலகை விறைத்துக்கொண்டு சட்டங்களை எல்லாம் தன் பக்கம் இழுத்துவிடும். அது எங்களுக்கு எங்கே தெரியும்?

படகை நிமிர்த்தினோம். மூக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

தண்ணீரில்

தண்ணீர் உள்ளே வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன். என் அண்டாவில் வெந்து பாஸான பலகைகள் அல்லவா!

ஆனால் நேராகப் போகவில்லை. துடுப்பை எப்படிப் போட்டாலும் இடது பக்கமே திரும்பியது. இவர் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஒரு வாரம் பழகினார். இடது பக்கம் மட்டுமே துடுப்புப் போட்டால் ஒருவாறு நேராகப் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, வெற்றி வீரனாட்டம் வந்து நின்றார். "சுத்துதா?" என்று கேட்டேன். "சுத்தல. கொஞ்சம் திரும்புது" என்றார்.

சுற்றுவதற்கும் திரும்புவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அம்மா கேட்டால் என்ன சொல்வது? சொல்லாமல் ஏற்றினால் துரோகம், சொன்னால் அவள் ஏற மாட்டாள். கடைசியில் நானும் அவரும் படகில் அந்தக் கரைக்குப் போய் இறங்கியதும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"கொஞ்சம் பீச்சைக்கைப் பக்கமாப் போவும்மா. சுத்தாது."

அம்மா படகைப் பார்த்தாள், அதன் கோணல் மூக்கைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் கொப்புளம் போட்ட உள்ளங்கையைப் பார்த்தாள். "ஏறறேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்து ஏறினாள்.

மூன்று பேர் ஏறியதும் படகு ஆழமாக உட்கார்ந்துவிட்டது. அதோடு அதன் குணமும் மாறிவிட்டது. பாதித் தூரம் ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் இவர் எவ்வளவு போட்டும் கேட்காமல், நிதானமாக, பெரிய மனுஷன் மாதிரி, இடது பக்கமாக ஒரு முழு வட்டம் போட்டது.

எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. எதுவானாலும் என் மூலமாகத்தான்.

"மாப்ளைய மெதுவாப் போவச் சொல்லுடி."

முழங்கால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இருந்தாலும் நான் திரும்பி, "மெதுவாப் போவச் சொல்றாங்க" என்றேன்.

"மெதுவாத்தான் போறேன்னு சொல்லு."

"மெதுவாத்தான் போறாராம்மா."

"அப்ப எதுக்கு நம்மூட்டுக் களம் திரும்பி வருதுன்னு கேளு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம், அவள் விரல்கள் என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தன. இரண்டாவது வட்டத்தில் அம்மா கண்ணை முழுசாகவே திறந்துவிட்டாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வட்டம் ஆரம்பிக்கும்போது இவர் துடுப்பை விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து, படகைக் கையால் தள்ளிக்கொண்டே கரை சேர்த்தார். நீந்தத் தெரிந்தவர், நல்ல காலம்.

எங்களைக் கடந்து மாரப்பன் பரிசல் இரண்டு தரம் போய் வந்துவிட்டது. அவன் எங்களைப் பார்க்காத மாதிரியே ஓட்டினான்.

கறக்கிற நேரம்

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். என் குழம்பைச் சாப்பிட்டாள், குறை சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தலையைப் பிரித்துச் சிக்கெடுத்தாள். அவள் கை வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. வாசலில் இவர் ஈர வேட்டியோடு ஏதோ தப்பு செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்ததும் எழுந்தாள். "மாடு கத்தும்" என்றாள்.

கரைக்குப் போனோம். இவர் முன்னமே போய், படகைத் துடைத்து, அம்மா உட்கார ஒரு சாக்கை மடித்துப் போட்டு, துடுப்போடு தயாராக நின்றார். அம்மா படகு வரைக்கும் நடந்தாள். நின்றாள். படகின் மூக்கை ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். அப்புறம் அதைக் கடந்து நடந்தாள்.

கொஞ்சம் தள்ளி மாரப்பன் பரிசல் இருந்தது. வேறு ஆள் இல்லை.

"அந்தக் கரைக்குத்தான மாரப்பா?" என்றாள்.

மாரப்பன் கையிலிருந்த துடுப்பு நழுவிக் கீழே விழுந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

"மாப்ளைய கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுடி. சுத்தறதுதான் சுத்துது, அதுல போனா நான் எப்பப் போய்ச் சேருவேன்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பரிசலுக்குள் கால் வைத்தாள். கண்ணை மூடவில்லை. உட்கார்ந்த பிறகு திரும்பி, "அடுத்த வாரம் நீயும் இவன்கூடவே வந்துடு. பஸ்ஸுல சுத்திக்கிட்டு வராத" என்றாள், ஏதோ தினமும் சொல்கிற விஷயம் மாதிரி.

எங்க வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப நான் எதுக்குடி இதக் கட்டினேன்?" என்றார். கோபமா, வருத்தமா, சந்தோஷமா என்று அவர் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொப்புளம் உடைந்து பிசுபிசுவென்று இருந்தது.

காற்றில்லாத சாயங்காலம். நிற்கிற தண்ணீரில் பேச்சு வெகு தூரம் கேட்கும். பரிசல் கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் குரல் கேட்டது.

"மாரப்பா, அன்னைக்கு அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

மாரப்பன் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பேசினான். வெகு நேரம் பேசினான். அவன் குரல் தாழ்ந்த குரல், எங்கள் வரைக்கும் வரவில்லை. பரிசல் தன்பாட்டுக்கு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அம்மா சிரித்தாளா, அழுதாளா, இந்தக் கரையில் நின்ற எனக்குத் தெரியவில்லை.